புதன் இரவு ஆரிஜின், வெள்ளி இரவு கிளப்: ரக்பி லீக்கில் யாரை எப்போது உட்கார வைப்பது?

ஆஸ்திரேலியாவின் என்ஆர்எல் (தேசிய ரக்பி லீக்) தொடரில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பருவத்தில் 24 லீக் ஆட்டங்கள். நடுவில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்கள் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் மூன்று ஆட்டங்கள். புதன்கிழமை இரவு ஆரிஜின் ஆடியவரை வெள்ளியோ சனியோ கிளப் மறுபடி இறக்கப் பார்க்கும். அப்போதுதான் தப்புக் கணக்கு போடுகிறோம்.

ஆட்டம் முடிந்து இரண்டு நாளில் குதிக்கவைத்துப் பார்த்தால், கால் பழைய வேகத்துக்கு வந்தது போலத் தெரியும். ஆனால் மோதலில் அடிபட்ட தசையிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி ஐந்து நாள் கழித்தும் பழைய அளவுக்கு இறங்காமல் இருக்கலாம். குதிக்கும் சோதனையை மட்டும் நம்பி ஒருவரை இறக்கக் கூடாது. காலையில் தூக்கம், தசை வலி, மனநிலை மூன்றுக்கும் 1 (மோசம்) முதல் 5 (நன்று) வரை மதிப்பெண் கேளுங்கள். முழங்கால்களுக்கு நடுவே கருவியை வைத்து இடுக்கச் சொல்லி, தொடை இடுக்கின் பலத்தையும் அளந்துவிடுங்கள். அவரவர் வழக்கமான அளவோடுதான் ஒப்பிட வேண்டும், பக்கத்தில் நிற்பவரோடு அல்ல. இரண்டு சோதனைகள் சேர்ந்தாற்போல் இறங்கினால் அந்த வாரம் அவருக்கு ஆட்டம் வேண்டாம்.

80 நிமிடமும் களத்தில் நின்று நாற்பதுக்கு மேல் டேக்கிள் (எதிராளியைப் பிடித்து வீழ்த்துவது) செய்யும் ஹூக்கருக்கு, அதாவது ஒவ்வொரு டேக்கிளுக்குப் பிறகும் பந்தை எடுத்துக் கொடுப்பவருக்கு, ஓய்வு முதலில் தேவை. இரண்டு தவணையாக ஐம்பது நிமிடம் ஆடும் ப்ராப்பை (முன்வரிசையில் மோதுபவர்), ஒரு ஆட்டத்தில் அணிக்கு உள்ள எட்டு மாற்று வாய்ப்புகளுக்குள் தவணையைச் சுருக்கியே காப்பாற்றலாம். ஃபுல்பேக், ஃபைவ்-எய்ட், ஹாஃப்பேக், ஹூக்கர் நால்வரும் ஆட்டத்தை இயக்கும் முதுகெலும்பு. நால்வரையும் ஒரே வாரத்தில் எடுத்தால், களத்தில் உள்ள பதின்மூன்று பேரில் மீதி ஒன்பது பேர் தேறியவர்களாக இருந்தும் பந்து எங்கே வரும் என்று தெரியாமல் தடுமாறுவார்கள். இருவருக்கு மேல் கை வைக்காதீர்கள்.

ஓய்வு என்றால் வீட்டில் படுத்திருப்பது என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. ஆடாத வாரத்திலும் ஒரு முறையாவது உச்ச வேகத்தில் 90 சதவீதத்தைத் தொட்டு ஓட வேண்டும். இல்லையென்றால் திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே பின்தொடைத் தசை பிடித்துக்கொள்ளலாம். பத்து நிமிடமாவது மோதல் பயிற்சியும் வேண்டும். தோளும் கழுத்தும் அடிக்குப் பழகியிருக்க வேண்டிய ஆட்டம் இது.

லீக் ஆட்டங்களின் கடைசிச் சுற்றில் கணக்கு வேறு. 2022-இல் பென்ரித் கிளப் முதலிடத்தை உறுதி செய்துகொண்டு, முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் இல்லாமல் டவுன்ஸ்வில் நகருக்குப் போய் 38-8 என்று தோற்றது. அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு. லீக்கில் முதல் நான்கு இடங்களில் முடித்த அணி, கோப்பைக்கான இறுதிக்கட்டத்தின் முதல் வாரத்தில் வென்றால் அடுத்த வாரம் ஆட்டமே கிடையாது. அதனால் பென்ரித் ஆட்டக்காரர்கள் பலருக்கு ஏறக்குறைய நான்கு வாரத்தில் ஒரே ஆட்டம்தான். அரையிறுதியில் சவுத் சிட்னியிடம் 12-0 பின்தங்கி, பிறகு சுதாரித்து 32-12 வென்று, கோப்பையும் எடுத்தார்கள். அந்தத் தொடக்கத் தடுமாற்றத்துக்கு இடைவெளி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் அத்தனை நாள் ஆடாமல் இருப்பவர்களுக்கு, பயிற்சியில் ஆட்ட வேகத்தில் ஒரு முழுப் பாதியாவது ஆடவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2023-இல் பிரிஸ்பேன் கடைசிச் சுற்றில் முக்கியமானவர்களை உட்கார வைத்து மெல்பர்னிடம் 32-22 தோற்றது. முதலிடம் பென்ரித்துக்குப் போனது. முதல் இரண்டு இடங்களுக்குள் இருந்ததால் சொந்த மைதான ஆட்டம் மட்டும் கைவிட்டுப் போகவில்லை. அடுத்த வாரம் அதே மெல்பர்னை 26-0 வென்றார்கள். இழப்பது முதலிடப் பட்டமா, சொந்த மைதானமா என்பதை முதலில் பார்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.

தலையில் அடிபட்டவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். மூளை அதிர்ச்சி உறுதியானால், 2023 முதல் பொதுவாகக் குறைந்தது 11 நாள் ஆடக் கூடாது.

யாரும் கேட்காதவர் ஒருவர் உண்டு: அவசரத்துக்கு வைத்திருக்கும் பதினெட்டாவது ஆள். உடை மாற்றித் தயாராக உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் களமிறங்க மாட்டார், ரிசர்வ் அணி ஆட்டத்தையும் விட்டிருப்பார். தொடர்ந்து மூன்று வாரம் ஒரே ஆளை அப்படி வைத்தால், நான்காவது வாரம் 80 நிமிடம் ஆடச் சொல்லும்போது அவர்தான் முதலில் காயப்படக்கூடும். வாரா வாரம் ஆளை மாற்றுங்கள். ஆட்டம் முடிந்ததும் அதே மைதானத்தில் அவரை இருபது நிமிடம் வேக ஓட்டம் ஓடவிடுங்கள்.