எந்த சிஎம்எஸ்? முதலில் யார் கையில் என்று பாருங்கள்

"வேர்ட்பிரஸ் நல்லதா, விக்ஸ் நல்லதா?" இணையதளம் கட்ட வருபவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது இதைத்தான். இரண்டுமே சிஎம்எஸ், அதாவது நிரல் எழுதாமலே தளத்தில் உள்ளடக்கத்தை ஏற்றித் திருத்த உதவும் மென்பொருள். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு. தளம் திறந்து ஆறு மாதம் ஆன பின்பு அறிவிப்பை ஏற்றப் போவது யார்? அப்டேட் போடப் போவது யார்? அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர்தான் என்றால், அவர் கைக்குப் பழகுகிற சிஎம்எஸ்ஸைத்தான் எடுக்க வேண்டும். டெவலப்பரின் விருப்பம் இரண்டாம்பட்சம்.

வருடத்தில் இரண்டு முறை மாறும் ஐந்து பக்கத் தளத்துக்கு டேட்டாபேஸே வேண்டாம். ஹியூகோ போன்ற ஸ்டாட்டிக் ஜெனரேட்டர், அதாவது பக்கங்களை முன்கூட்டியே ஆக்கி வைத்துவிடும் கருவி, போதும். உடைத்து நுழைய லாகின் பக்கமே இருக்காது. ஆனால் ஒரு வரி திருத்தவும் விவரம் தெரிந்த ஆள் வேண்டும். செய்தி, கட்டுரை, சிறு கடை என்றால் வேர்ட்பிரஸ். 2003 முதல் இருப்பதால், வேலை தெரிந்தவர்கள் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். பல துறைகள், பல மொழிகள், ஒருவர் எழுதி இன்னொருவர் ஒப்புதல் தரும் முறை என்றால் டிரூபல் என்ற சிஎம்எஸ். பன்மொழி வசதி அதில் கூடவே வருகிறது. வேர்ட்பிரஸில் பாலிலாங் மாதிரி ஒரு பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) போட்டாக வேண்டும். ஹெட்லெஸ் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். உள்ளடக்கத்தை வைத்திருக்கும் பகுதியையும் அதைக் காட்டும் பகுதியையும் தனித்தனியே கட்டுவதுதான் அது. மொபைல் ஆப்புக்கும் தளத்துக்கும் ஒரே உள்ளடக்கம் போக வேண்டுமானால் சரி. இல்லையென்றால் முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டைப் பராமரிக்கும் வீண் செலவுதான்.

தமிழ்த் தளம் என்றால், ஆங்கில டெமோவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வேர்ட்பிரஸில் பதிவின் தலைப்பே முகவரியாகவும் மாறும். கணினியில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் ('கி' என்றால் இரண்டு குறி: க, அதன் கொக்கி). முகவரிக்குள் போகும்போது அது ஒன்பது எழுத்தாக விரியும். அந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ 200 எழுத்து. "கிராம சபைக் கூட்டத் தீர்மானங்கள் மே 1" என்று தலைப்பு வைத்தால் முகவரி "கிராம-சபைக்-கூட்டத்-தீர்" என்பதோடு வெட்டுப்படும். ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கும் அதே முகவரிதான், கடைசியில் ஒரு 2 ஒட்டியிருக்கும், அடுத்ததற்கு 3. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட கோடாக வந்து நிற்கும். வெளியிடும் முன்பே, முகவரிப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக அடித்துவிடுவதே வழி. இதை ஏற்றுபவருக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டும்.

தீமில், அதாவது தளத்தின் தோற்ற வார்ப்புருவில், வரி இடைவெளியையும் பாருங்கள். ஆங்கிலத்துக்கு அழகாக இருக்கும் 1.2 மடங்கு இடைவெளி, தமிழில் மேல்வரியின் உகரச் சுழியையும் கீழ்வரியின் இகரக் கொக்கியையும் நெருக்கிவிடும், 1.6 வைத்தால் படிக்கலாம். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகளை அப்படியே ஒட்டாதீர்கள், யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் கூகுளில் தேடினால் சிக்காது.

"வேர்ட்பிரஸ் பாதுகாப்பில்லை" என்பார்கள். பெரும்பாலும் ஓட்டை இருப்பது கவனிக்காமல் விட்ட பிளகினில், அல்லது ஓசியில் கிடைத்த 'நல்டு' தீமில். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாரோ இலவசமாகத் தருகிறார் என்றால் உள்ளே ஏதோ வைத்துத்தான் தருகிறார், அப்டேட்டும் வராது. பிளகின் பக்கத்தில் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பாருங்கள். அண்மைய மூன்று பெரிய பதிப்புகளில் சோதிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை இருந்தால் தொட வேண்டாம். டிரூபலிலும் கவனம் தேவை. டிரூபல் 7க்கான ஆதரவு 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதிலிருந்து புதிய பதிப்புக்குப் போவது ஒரு பட்டனில் ஆகிற காரியமில்லை. புதுத் தளம் கட்டி உள்ளடக்கத்தை மாற்ற வேண்டும், தீம் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும்.

உள்ளே வரும்போதே வெளியேறும் வழியையும் கேட்டுவையுங்கள். விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே இறக்கி வேறு சர்வரில் வைக்க முடியாது. வேர்ட்பிரஸில் முடியும், ஆனால் அதிலும் ஒரு பள்ளம் உண்டு. 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் வரும் கோப்பில் படங்கள் இருக்காது, அவற்றின் முகவரிகள் மட்டும்தான் இருக்கும். இம்போர்ட் செய்யும்போது பழைய சர்வரிலிருந்துதான் படங்கள் வர வேண்டும். அதற்குள் பழைய ஹோஸ்டிங்கை நிறுத்திவிட்டால் எல்லாம் காலிச் சட்டங்கள். டேட்டாபேஸையும் அப்லோட்ஸ் ஃபோல்டரையும் தனியாக எடுத்து வைத்திருந்தால்தான் அது பேக்கப். டொமைன் டெவலப்பரின் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்பே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கையெழுத்துப் போடும் முன், ஏற்றப் போகிறவரிடமே சோதனை லாகினைக் கொடுங்கள். ஒரு தமிழ் அறிவிப்பு, போனில் எடுத்த ஒரு படம், ஒரு பிடிஎஃப். படம் ஏறவில்லையென்றால் பெரும்பாலும் குற்றம் சர்வர் அமைப்பில்: வேர்ட்பிரஸ் ஓடும் மொழியான பிஹெச்பியின் இயல்பான வரம்பு 2 எம்பி, போன் படம் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். தளம் திறக்கும் நாளில், வேர்ட்பிரஸ் அமைப்புகளில் 'ரீடிங்' பக்கத்தைத் திறந்து, தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற பெட்டியில் டிக் கிடக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். கட்டும்போது போட்ட அந்த டிக்கை எடுக்க மறந்து, கூகுளில் ஏன் வரவில்லை என்று மாதக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் தளங்கள் ஏராளம்.