ஆதார் இல்லாத குழந்தைக்கும் தடுப்பூசி உண்டு

போன வாரம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்னொரு தட்டம்மை. ஓசூர் பக்கம் ரோஜா பசுமைக்குடிலில் வேலை பார்க்கும் ஒடிசா தம்பதியின் ஒன்றரை வயசுப் பையன். உடம்பெல்லாம் செந்தடிப்பு, கண்ணில் பீளை, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. வைட்டமின் ஏ கொடுத்து, 108-இல் ஏற்றி அனுப்பினோம்.

அவன் இடது கையில் பி.சி.ஜி. (பிறந்ததும் போடும் காசநோய்த் தடுப்பூசி) தழும்பு தெளிவாக இருந்தது. ஆக, பிறந்த ஊரில் ஊசி போட்டிருக்கிறார்கள். எல்லாம் நின்றது இங்கே வந்த பிறகுதான். ஏன் வரலை என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். ஆதார் இல்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க மாட்டார்கள் என்று மேஸ்திரி சொன்னாராம். பையனுக்கு ஆதார் இல்லை. அதனால் காய்ச்சல் வந்ததும் தெருமுனையில் பட்டமில்லாத ஒருவரிடம் இரண்டு ஊசி, இருநூறு ரூபாய்.

கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. மேஸ்திரிகளே, லைன் வீட்டு ஓனர்களே, செங்கல் சூளை, குவாரி முதலாளிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆதார் வேண்டாம். ரேஷன் கார்டு வேண்டாம். தமிழ் பேசத் தெரிய வேண்டாம். தடுப்பூசி அட்டை தொலைந்து போனாலும் குழந்தையைக் கூட்டி வரலாம். நடுவில் தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து ஆரம்பிப்பதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். போட்டதா இல்லையா என்றே தெரியாவிட்டால் போட்டுவிடுவோம். ஒரு தவணை கூடுவதால் கெடுதல் இல்லை. தட்டம்மை-ரூபெல்லா ஊசி 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. தவறவிட்டவர்களுக்கு 5 வயது வரை போடலாம். யு-வின் என்ற அரசுத் தடுப்பூசி இணையதளத்தில் பதிவு இருந்தால், வேறு மாநிலத்தில் போட்டதையும் செல் நம்பரை வைத்துத் தேடிப் பார்க்கலாம். (சிம்மை மாற்றாமல் இருந்தால். அது தனிக் கதை.)

எங்கள் ஆட்களிலும் சிலர் “நம்ம ஏரியா லிஸ்ட்ல இல்லையே சார்” என்று இழுப்பதுண்டு. லிஸ்ட்டில் இல்லையென்றால் எழுதிச் சேர்க்க வேண்டியதுதானே!

பென்னாகரம், அரூர் பக்கமிருந்து பிள்ளைகுட்டியோடு பெங்களூர் கட்டட வேலைக்குப் போகிற நம் ஜனங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே சைட் ஷெட்டில் வளரும் நம் பிள்ளைக்குக் கன்னட நர்ஸ் ஒருவர் எதுவும் கேட்காமல் ஊசி போட்டால் கும்பிடு போடுவோம். இங்கே மட்டும் “அவங்க இந்திக்காரங்க, அவங்க ஊர்ல பார்த்துப்பாங்க” என்பது என்ன நியாயம்? தட்டம்மை இருமலில் பரவுகிற நோய். ஷெட்டில் ஒரு குழந்தைக்கு வந்தால், ஊசி போடாத மற்றதுகளுக்கும் அநேகமாக வந்துவிடும். உங்கள் வீட்டில் 9 மாதம் ஆகாத கைக்குழந்தை இருந்தால் அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வயிற்றுப்போக்கென்றால் குளுக்கோஸ் ஏற்ற ஓடாதீர்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலமும் 14 நாளுக்கு ஜிங்க் மாத்திரையும் எங்களிடம் இலவசம். பேதி நின்றாலும் ஜிங்க்கை நிறுத்தக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 108. அங்கன்வாடிச் சத்துமாவு வெளிமாநிலக் குழந்தைக்கும் உண்டு, போய்க் கேட்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து வரும்போது தடுப்பூசி அட்டையை செல்போனில் போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள்.

முதலாளிமாரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்றைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாவுக்கு அரை நாள் கூலியைப் பிடிக்காதீர்கள். அதுவும் முடியாதென்றால், உங்கள் ஷெட்டில் எத்தனை குழந்தைகள் என்று கிராம சுகாதார செவிலியருக்கு ஒரு போன் போடுங்கள். ஊசிப் பெட்டியோடு நாங்களே வருகிறோம்.