முகம் மாறலாம், முறை மாறக்கூடாது

போன வாரம் இன்னொரு ஸ்பின்-ஆஃப் ஸ்கிரிப்ட் படிக்க வந்தது. இந்த வருஷத்தில் இது நான்காவது. பழைய சீரியலில் இரண்டாவது மருமகளாக வந்து, ஜனங்கள் மனதில் இடம்பிடித்துவிட்ட ஒரு பெண்ணுக்குத் தனி சீரியல். முதல் எபிசோடு, மூன்றாவது சீன். கோயில் வாசலில் மாமியாரைப் பார்க்கிறாள். "எப்படி இருக்கீங்க ஆன்ட்டி?" என்று கேட்கிறாள்.

அந்த இடத்திலேயே பேப்பரை மூடி வைத்துவிட்டேன். பழைய சீரியல் முழுக்க அவள் அந்தம்மாவை "அத்தை" என்றுதான் கூப்பிட்டாள். வீட்டில் யாரும் அவளோடு பேசாத நாட்களில்கூட, அந்த அத்தை முதல் தோசையை எடுத்து அவளுக்கென்று ஒரு தட்டில் மூடி வைப்பார். வசனமே இருக்காது. அந்தத் தட்டைக் காட்டினால் போதும். எழுதிய தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "புது சீரியல்தானே சார், கொஞ்சம் மாடர்னா இருக்கட்டும்னு சொன்னாங்க" என்றார்.

தம்பியைக் குறை சொல்லவில்லை. அவரிடம் கொடுத்தது இரண்டு பக்க ஒன்லைன், ஆர்ட்டிஸ்ட் பெயர்கள், ஒளிபரப்புத் தேதி. அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் எனக்கு அதிகம் எரிச்சல் தரும் வாக்கியம் ஒன்று உண்டு: "சார், அந்த கேரக்டர்தான் ஹிட்டு." இல்லை. தனியாக ஒரு கேரக்டர் ஹிட்டாவதே கிடையாது. ஜனங்கள் பிடித்துக்கொள்வது இரண்டு பேருக்கு நடுவில் இருப்பதை. ஒருவன் முட்டாள் என்றால், அவன் முட்டாள்தனத்தை யார் பொறுத்துக்கொள்கிறார்கள், யார் திட்டிக்கொண்டே காப்பாற்றுகிறார்கள், யார் கண்டுகொள்ளாத மாதிரி நடிக்கிறார்கள் என்பதையெல்லாம் சேர்த்துத்தான் அவனைப் பிடிக்கிறது. அவனை மட்டும் பிடுங்கி வேறு ஊரில் நட்டால் மிஞ்சுவது முட்டாள்தனம் மட்டும்தான்.

இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஜோயி. ஜோயி, சாண்ட்லர், மோனிகா, ராஸ், ஃபீபி, ரேச்சல் என்று ஆறு நண்பர்களின் கதையான காமெடித் தொடர் 'ஃப்ரெண்ட்ஸ்', அமெரிக்காவில் என்பிசி சேனலில் 2004 மே மாதம் முடிந்தது. கடைசி எபிசோடை 5 கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கர்கள் பார்த்தார்கள். அதில் ஒரு சீன். ஜோயியும் சாண்ட்லரும் வருஷக்கணக்கில் ஆடிய ஃபூஸ்பால் (மேஜைக் கால்பந்து) மேஜைக்குள் ஒரு கோழிக்குஞ்சும் ஒரு வாத்துக்குஞ்சும் மாட்டிக்கொள்கின்றன. வெளியே எடுக்க மேஜையை உடைக்க வேண்டும். இரண்டு பேருக்கும் கை வரவில்லை. கடைசியில் மோனிகாதான் உடைக்கிறாள். பத்து வருஷ நட்பையும் அந்த ஒரு மேஜையில் வைத்துவிட்டார்கள்.

அதே வருஷம் செப்டம்பரில் அவனை மட்டும் வைத்து 'ஜோயி' என்ற ஸ்பின்-ஆஃப் வந்தது. அதே நடிகர், அதே பசி, அதே அப்பாவித்தனம். நியூயார்க்கை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிவந்து, அக்கா தங்கைகளில் ஒருத்தியோடும் ராக்கெட் விஞ்ஞானம் படிக்கும் அவள் மகனோடும் புது வாழ்க்கை. ஆள் மாறவில்லை. ஆனால் பல காலம் அவனுக்கு வாடகை கட்டிய சாண்ட்லர் இல்லை. அவனை அவனாகவே ஏற்றுக்கொண்ட ஃபீபி இல்லை. பழைய ஐந்து பேரில் ஒருவர்கூட ஒருமுறையும் திரையில் தலைகாட்டவில்லை. ராஸாக நடித்த டேவிட் ஷ்விம்மர் சில எபிசோடுகளை இயக்கினார், ராஸ் வரவில்லை. தம்பி மாதிரி கூட இருந்தவன் ஊரைவிட்டுப் போனால் வாரம் ஒரு போனாவது வராதா? இந்தக் கேள்வி பார்க்கிறவர் மனதில் உட்கார்ந்துவிட்டால் எந்தக் காமெடியும் எடுபடாது. இரண்டு சீசனோடு 2006-ல் கடையை மூடினார்கள். எடுத்து வைத்திருந்த கடைசி எபிசோடுகள் சிலவற்றை அந்த சேனல் போடவே இல்லை.

"நடிகர் கால்ஷீட் கிடைக்கவில்லை, என்ன பண்ணுவது?" என்பார்கள். நியாயமான பிரச்சினைதான். நம் சீரியல்களில் பாதி வேலையே இதைச் சமாளிப்பது. ஆர்ட்டிஸ்ட் விலகினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று கார்டு போட்டுவிட்டு ஷூட்டிங் போகிறோம். நாலு நாள் முணுமுணுப்பு இருக்கும், அப்புறம் பழகிவிடும். ஏன் பழகுகிறது? புது முகமும் அதே பிள்ளையை அதே மாதிரி "டேய் கண்ணா" என்று கூப்பிடுவதால். முகம் மாறியது, முறை மாறவில்லை. முறையை மாற்றிவிட்டு அதற்கென்று ஒரு கார்டு போட முடியாது.

கால்ஷீட் பிரச்சினையைக் கேரக்டரின் குணக்கேடாக மாற்றுவதுதான் பெரிய தப்பு. நான்கு தோழிகளின் கதையான 'செக்ஸ் அண்ட் தி சிட்டி' என்ற அமெரிக்கத் தொடரின் தொடர்ச்சி 2021-ல் வந்தபோது சமந்தாவாக நடித்தவர் சேரவில்லை. தோழிகளில் ஒருத்தியான எழுத்தாளர் கேரி, தனக்கான விளம்பர வேலையை சமந்தாவிடமிருந்து எடுத்துவிட்டாளாம். கோபித்துக்கொண்டு லண்டன் போன சமந்தா போனைக்கூட எடுப்பதில்லையாம். ஆறு சீசன் முழுக்கத் தோழிகளுக்காக நின்றவள் ஒரு வேலைக்காக உறவை முறித்துக்கொள்வாளா? அந்த சீசன் முடிவதற்குள் மெசேஜ், பாரிஸில் சந்திப்பு என்று ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. லண்டனில் பெரிய வேலை, தினம் போனில் பேசுகிறாள் என்று வைத்திருந்தால் யாருக்கு நஷ்டம்?

சரி, பழைய கதையிலேயே ஒரு சிக்கல் இருந்தால்? அதற்கும் வழி உண்டு. ஒரு மதுக்கடையில் நடக்கும் 'சியர்ஸ்' என்ற அமெரிக்க காமெடித் தொடரில் மனநல டாக்டர் ஃப்ரேசியர், தன் அப்பா இறந்துவிட்டார், அவர் ஒரு விஞ்ஞானி என்று சொல்லியிருந்தார். 1993-ல் 'ஃப்ரேசியர்' தனித் தொடராக வந்தபோது அப்பா மார்ட்டின் உயிரோடு, ஓய்வுபெற்ற போலீஸ்காரராக வந்து நிற்கிறார். முதல் எபிசோடிலேயே, டேப் ஒட்டிய தன் பழைய சாய்வு நாற்காலியை மகனின் விலையுயர்ந்த ஹாலுக்குள் கொண்டுவந்து போடவைக்கிறார். இரண்டாவது சீசனில் பழைய நண்பன் சாம் வருகிறான். அப்பாவையே பார்த்துக் குழம்புகிறான். அப்போதுதான் ஃப்ரேசியர் சொல்கிறார்: அப்பாவோடு சண்டை, அந்தக் கோபத்தில் செத்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். எழுத்தாளர்கள் விட்ட ஓட்டை அப்பா மகனுக்கு நடுவிலிருந்த காயமாகிவிட்டது. எனக்குத் தெரிந்து இதைவிடச் சுத்தமாக யாரும் தைக்கவில்லை.

'பிக் பேங் தியரி' தொடரின் விஞ்ஞானி ஷெல்டனுடைய சிறுவயதைச் சொல்லும் ஸ்பின்-ஆஃப் 'யங் ஷெல்டன்' செய்ததும் இந்த வகைதான். அப்பா வேறொரு பெண்ணோடு இருந்ததைப் பதின்மூன்று வயதில் பார்த்ததாகப் 'பிக் பேங் தியரி'யில் ஷெல்டன் சொல்லியிருந்தான். ஸ்பின்-ஆஃபில் அந்த அப்பா ஜார்ஜ், சீசன் சீசனாக எல்லோருக்கும் பிடித்த மனிதராகிவிட்டார். கடைசி சீசனில், விக் வைத்து வேஷம் போட்டிருந்த அம்மா மேரிதான் அந்தப் பெண் என்று காட்டினார்கள். கொஞ்சம் வசதியான தீர்வுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஜார்ஜையும் மேரியையும் கைவிடாமல், பிள்ளை புரிந்துகொண்டதை மட்டும் திருத்தினார்களே, அது சரி.

ஆகவே தயவுசெய்து, ஸ்பின்-ஆஃப் கையில் வைத்திருப்பவர்கள் ஒரு நோட்டுப் போடுங்கள். யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை, எந்த எபிசோடிலிருந்து, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று எழுதிவையுங்கள். இதெல்லாம் அசிஸ்டென்ட் வேலை என்று தள்ளாதீர்கள். பழைய ஜோடியைப் பிரித்துத்தான் புதுக் கதை தொடங்க வேண்டும் என்றால், பிரிந்த காரணத்தை இரண்டு பேரின் குணத்துக்கும் பொருத்திப் பாருங்கள். பொருந்தாவிட்டால் பிரிக்காதீர்கள், தூரத்தில் வையுங்கள். ப்ரோமோ பரபரப்புக்காக, நல்லவளாக இருந்த அண்ணியைத் திடீரென்று வில்லியாக்காதீர்கள். பத்து நாள் ரேட்டிங் வரும். அதற்கப்புறம் பழைய சீரியலின் மறு ஒளிபரப்பையும் நம்பிப் பார்க்க மாட்டார்கள்.

சேனலில் இருப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். புது ரைட்டர் சீன் பேப்பர் எழுதத் தொடங்குமுன், அவரைப் பத்து நாள் சம்பளத்தோடு உட்கார வைத்துப் பழைய எபிசோடுகளைப் பார்க்க விடுங்கள். "அதான் யூடியூபில் இருக்கிறதே, ராத்திரி பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லாதீர்கள். பகலெல்லாம் அடுத்த எபிசோடு எழுதுகிற பிள்ளைக்கு ராத்திரி அந்தத் தோசைத் தட்டு கண்ணில் படாது.