ஃபோம் வாளின் நுனியை அழுத்திப் பார்த்தீர்களா?

போன கோடையில் ஒரு சனிக்கிழமை காலை. இங்கிலாந்தில், வேடமிட்டு ஃபோம் வாளோடு மோதும் 'லார்ப்' விளையாட்டின் முகாம் ஒன்று, ஆயுதச் சோதனை மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வயதிருக்கும் ஒரு பையன் தன் வாளை நீட்டினான். பார்க்க அவ்வளவு அழகு. வெள்ளி நிறப் பூச்சு, பிடியில் தோல் சுற்று, அலகில் கையால் வரைந்த கொடி வேலைப்பாடு. கட்டைவிரலை நுனியில் வைத்து மெல்ல அழுத்தினேன். ஒரு சென்டிமீட்டர் இறங்கியது. அப்புறம் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. உள்ளே இருக்கும் தண்டின் முனை.

வாளைத் திருப்பித் தராமல் மேசைக்கு அடியில் வைத்தேன். "போன வருடம் இதே மேசையில்தான் சரி என்று விட்டார்கள்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. போன வருடம் அழுத்திப் பார்த்தபோது நுனி சரியாகத்தான் இருந்திருக்கும். இந்த ஒரு வருடத்தில் உள்ளே இருந்த ஃபோம் செத்துவிட்டது. வெளியே பூச்சு மட்டும் பளபளவென்று இருந்தது.

பதினொரு வருடங்களாக இந்த ஆயுதங்களைச் செய்து விற்பதுதான் என் பிழைப்பு. லார்ப் என்பது வேடமிட்டு, கதாபாத்திரமாகவே வாழ்ந்து, வயல்வெளியிலும் காட்டிலும் போரிட்டு ஆடும் விளையாட்டு. அமெரிக்காவில் 'டகோர்ஹிர்' என்ற குழு 1977-லேயே ஃபோம் ஆயுதப் போர்களைத் தொடங்கியது. இங்கே இங்கிலாந்தில் 1982-ல் செஷயரிலுள்ள பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் 'ட்ரெஷர் ட்ராப்' என்ற லார்ப் குழு ஆரம்பித்தது. ஜெர்மனியின் ப்ரோக்கலோ கிராமத்தில் இன்று ஆயிரக்கணக்கானவர்கள் கூடி மோதுகிறார்கள். அத்தனை பேர் நெருக்கி நிற்கும் வரிசையில் யாருடைய வாள் யார் முகத்தில் படும் என்று சொல்லவே முடியாது. தலையில் அடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கால் இடறி விழுகிறவருக்கு விதி ஞாபகம் இருக்காது.

வாள் எப்படி உருவாகிறது என்று சொன்னால்தான் ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பது புரியும். நடுவில் ஃபைபர் கிளாஸ் தண்டு, கைவாளுக்குப் பெரும்பாலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் கனம். அதைச் சுற்றி ஃபோம். நான் எல்.டி. 45 வகை பிளாஸ்டசோட் ஃபோம் பயன்படுத்துகிறேன், அதாவது ஒரு கன மீட்டருக்கு 45 கிலோ அடர்த்தி. மூன்று அடுக்கு வைத்து, நடு அடுக்கில் தண்டுக்கு வாய்க்கால் மாதிரி பள்ளம் வெட்டி, உள்ளே தண்டை ஒட்டி, மேலும் கீழும் மூடி, பிறகு அலகின் வடிவத்துக்குச் செதுக்குவேன். தண்டு அலகின் நுனிவரை போகக் கூடாது. நான் குறைந்தது 6 சென்டிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடுவேன். முனையை அரத்தால் உருட்டி, அதன்மேல் கெட்டித் தோலில் ஒரு தொப்பி போடுவேன். அந்தத் தொப்பியைப் போட ஐந்து நிமிடம்கூட ஆகாது. சோதனையில் நான் ஒதுக்கிவைக்கும் வீட்டுத் தயாரிப்பு வாள்களில் பெரும்பாலும் இல்லாமல் இருப்பது அதுதான்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், வாளைச் சுழற்றும் ஒவ்வொரு முறையும் தண்டு வெளிப்பக்கம் ஓடப் பார்க்கும். பசை விட்டுப்போன தண்டு ஒவ்வொரு வீச்சிலும் ஒரு மயிரிழை முன்னே நகரும். நூறு வீச்சு, ஆயிரம் வீச்சு என்று ஃபோமைத் துளைத்துக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் தண்டை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகே பசை தடவ வேண்டும். வழுவழுப்பான ஃபைபர் கிளாஸில் பசை நிற்காது.

ஊரில் சிலம்பம் பழகும் தம்பி ஒருவர், "அண்ணா, தண்டுக்குப் பதில் மூங்கில் வைத்தால் என்ன? லேசாகவும் இருக்குமே" என்று கேட்டார். நல்ல கேள்வி. மூங்கிலின் வலிமை அதன் நீள நாரில் இருக்கிறது. உடையும்போது அந்த நார்வழியே பிளந்து ஊசி ஊசியாக நிற்கும். சிலம்பத்தில் கம்பு விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும், உடனே மாற்றிவிடுவீர்கள். இங்கே அது ஃபோமுக்குள் மூடிக் கிடக்கும், தெரியவே தெரியாது. மரக்குச்சிக்கும் இதேதான். பிவிசி குழாய் அமெரிக்கக் குழுக்கள் பலவற்றில் பழக்கத்தில் இருக்கிறது, ஆனால் கடுங்குளிரில் அது நொறுங்கும். அம்பு செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று: அம்பின் தலை 5 சென்டிமீட்டருக்குக் குறையாத விட்டத்தோடு, முன்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். கண்குழிக்குள் நுழையக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அளவு.

செய்கிறவரின் உடம்பைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஃபோம் ஒட்டுவது செருப்புத் தைப்பவர்கள் தடவும் அதே வகைப் பசையால்தான். இரண்டு பக்கமும் தடவி, பத்துப் பதினைந்து நிமிடம் காயவிட்டு, கை வைத்தால் ஒட்டாத பதத்தில் சேர்த்து அழுத்த வேண்டும். காயும் அந்த நேரத்தில் வெளியேறுவது டொலுவீன் போன்ற கரைப்பான்களின் ஆவி. காற்றைவிடக் கனமானது, தரையோரமாகத் தேங்கும், ஒரு தீப்பொறி போதும். தொழில் தொடங்கிய முதல் குளிர்காலத்தில், குளிருக்குப் பயந்து சன்னல்களைச் சாத்திக்கொண்டு ஒரு மாலை முழுக்க ஒட்டிக்கொண்டிருந்தேன். எழுந்தபோது தலை சுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அறையின் மூலையில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதை இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. தயவுசெய்து திறந்த வெளியில் ஒட்டுங்கள், அல்லது காற்றை வெளியே தள்ளும் விசிறி வைத்து ஒட்டுங்கள். சாதாரணத் துணி முகக்கவசம் இந்த ஆவியைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ள கவசம் வேண்டும். ஃபைபர் கிளாஸ் அறுக்கும்போது பறக்கும் தூளுக்குத் தூசி வடிகட்டி தனியாகத் தேவை. அறுக்கும் இடத்தில் டேப் சுற்றி, ஈரமாக்கி அறுத்தால் தூள் குறையும்.

மேல்பூச்சு லேடெக்ஸ், நம் கன்னியாகுமரித் தோட்டங்களில் மரத்தைக் கீறி வடிக்கிறார்களே, அதே ரப்பர் பால். மெல்லிய பூச்சாக ஆறேழு முறை தடவுவேன், ஒன்று காய்ந்த பிறகு அடுத்தது. சிலருக்கு ரப்பர் பால் ஒவ்வாமை உண்டு, பட்ட இடம் தடித்துவிடும். தீவிரமாக இருந்தால் மூச்சே முட்டும். யாருக்காவது வாள் செய்து கொடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

லேடெக்ஸுக்கு வெயிலும் எண்ணெயும் ஆகாது. கார் டிக்கியில் கோடை முழுக்கக் கிடந்த வாள் பிசுபிசுத்து, வெடித்து, தோலுரியும். இரண்டு வாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது பூச்சு பிய்ந்து வரும். சிலிகான் ஸ்பிரே அடித்துத் துடைத்துவிட்டு, கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். நுனியைத் தரையில் ஊன்றி மூலையில் சாத்தி வைக்கிறார்களே, அதைப் பார்த்தால்தான் எனக்கு மனசு கேட்காது. எந்த 6 சென்டிமீட்டரை நம்பி ஒருவர் எதிரே நிற்கிறாரோ, அதே ஃபோமை ராத்திரி பகலாக நசுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

சோதனை மிகவும் எளிது. நுனியை அழுத்துங்கள். அலகின் இரு ஓரங்களையும் விரலால் கிள்ளிக்கொண்டே போங்கள், தண்டு கையில் தட்டுப்படுகிறதா பாருங்கள். பிடியை ஒரு கையிலும் அலகை மறு கையிலும் பிடித்து லேசாக முறுக்குங்கள், தண்டு உள்ளே சுழலக் கூடாது. அப்புறம் காதருகே வைத்து மெதுவாக வளையுங்கள். நெறுநெறுவென்று சத்தம் வந்தால் தண்டு விரிசல் விட்டிருக்கிறது. ஒவ்வொரு முகாமுக்கு முன்னும் இதைச் செய்யுங்கள், நடுவில் பலமாக விழுந்தாலோ மிதிபட்டாலோ மறுபடி செய்யுங்கள்.

அந்தப் பையனின் வாளை அவன் சம்மதத்தோடு மேசையிலேயே வெட்டித் திறந்தேன். தண்டின் முனையில் தொப்பி இல்லை, அறுத்த விளிம்பு கூராக அப்படியே இருந்தது. அதைச் சுற்றி ஃபோம் தூள்தூளாக உதிர்ந்தது. அவன் குனிந்து அந்த முனையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, நேற்றிரவு பயிற்சியில் யார் யாரோடு மோதினான் என்று பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தான்.

பழைய வாளைக் கழிக்கும்போது முழுசாகக் குப்பையில் போடாதீர்கள். தண்டை உருவி எடுத்து, ஃபோமை இரண்டு மூன்று துண்டாக வெட்டிப் போடுங்கள். பளபளக்கும் வாளைக் குப்பைத்தொட்டியில் பார்க்கும் எந்தக் குழந்தையும் அதை எடுக்காமல் போகாது.