மோசடிக்குக் ‘கைது’ என்று பெயர் வைக்கலாமா?

பெங்களூரு அல்சூரில், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் ஒரு வியாழக்கிழமை காலையிலிருந்து மறுநாள் மதியம் வரை, அவர் சாப்பாட்டு மேசையை விட்டு நகரவில்லை. சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனுக்குள் போலீஸ் உடுப்பில் ஒருவன் உட்கார்ந்துகொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்பில் பால் பொங்கியபோது, “சார், கேஸை அணைச்சிட்டு வரட்டுமா?” என்று அந்தப் போனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறார்.

பணம் போன பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. பேசியவன் போலீஸே இல்லை என்று எடுத்துச் சொன்னோம். அவருக்கும் புரிந்தது. ஆனாலும் அவர் சொன்னது இதுதான்: “ஒன்றரை நாள் அரெஸ்ட்ல இருந்தேன் தம்பி.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று இன்று எல்லோரும் சொல்வது இதைத்தான். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, உங்கள் ஆதாரை வைத்து யாரோ வங்கிக் கணக்கு திறந்திருக்கிறார்கள் என்று ஒரு அழைப்பு வரும். அப்புறம் வீடியோவில் ‘அதிகாரி’ வருவார். பின்னால் கொடி, மேசையில் கோப்புகள், முத்திரை குத்திய ஒரு வாரண்ட். இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது. கடைசியில், ‘சரிபார்க்க’ உங்கள் பணத்தை ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள். சரிபார்த்ததும் திரும்பி வந்துவிடுமாம்.

இந்தியச் சட்டத்தில் இப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையிலேயே இதைச் சொன்னார். போலீஸோ, சிபிஐயோ, சுங்கத்துறையோ யாரையும் வீடியோ காலில் கைது செய்வதில்லை. ஆக, ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்பது குற்றத்துக்கு நாம் வைத்த பெயரே இல்லை. ஏமாற்றுகிறவன் தன் நாடகத்துக்கு வைத்த பெயர். அதை அப்படியே வாங்கி நாமும் புழங்குகிறோம்.

தமிழில் இதற்கு டிஜிட்டல் கைது, இணையவழிக் கைது, மின்னணுக் கைது, எண்ணிமக் கைது என்றெல்லாம் எழுதுகிறார்கள். ‘டிஜிட்டல்’ என்பதற்குச் சரியான தமிழ் எது என்பதில்தான் எல்லோருடைய கவனமும் போகிறது. எனக்கு உறுத்துவது இரண்டாவது சொல்.

‘கைது’ கையில் பிறந்த தமிழ்ச் சொல் போலத் தோன்றும். கையைப் பிடிப்பதால் கைது என்று விளக்கம் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். அப்படியில்லை. கட்டு, தளை என்ற பொருளுள்ள ‘கைத்’ என்ற அரபுச் சொல் பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்து ‘கைது’ ஆனது. ‘கைதி’யும் அதே வழியில் வந்தவர்தான். கன்னடத்திலும் அவர் ‘கைதி’தான். வந்த சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. கைது என்றால் அரசு தன் அதிகாரத்தைக் கொண்டு ஒருவரைப் பிடித்து வைப்பது என்ற பொருள் நம் மனதில் ஆழமாக ஊன்றிவிட்டது. அந்தப் பயத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள்.

தமிழில் பெரும்பாலும் தொகைச்சொல்லின் கடைசியில் நிற்பதுதான் பொருள். தேங்காய் எண்ணெய் என்றால் அது எண்ணெய். கைவண்டி என்றால் அது வண்டி. அப்படியானால் ‘இணையவழிக் கைது’ என்பதும் ஒருவகைக் கைது என்றுதானே காதில் விழும்? அக்காவின் காதிலும் அப்படித்தான் விழுந்தது.

நான் சொல்வது ‘போலிக் கைது’. முழுசாக எழுதும்போது ‘போலிக் கைது மோசடி’. போலி மருத்துவர், போலிச் சாமியார் என்று கேட்டதும் அவர் மருத்துவரும் இல்லை, சாமியாரும் இல்லை என்று குழந்தைக்கும் தெரியும். அந்த வேலையை ‘டிஜிட்டல்’ செய்யாது, ‘போலி’ செய்யும். ‘போல’ என்பதிலிருந்து வந்த சொல் இது. இலக்கணத்திலும் ‘போலி’ உண்டு. பந்தல் என்பதைப் பந்தர் என்றால் அது கடைப்போலி. அங்கே ஓர் எழுத்து இன்னொன்றின் இடத்தில் நின்றாலும் பொருள் மாறாது, யாருக்கும் நட்டமில்லை. இங்கே காக்கி உடுப்பு போலீஸின் இடத்தில் வந்து உட்காருகிறது, பொருளே தலைகீழாகிவிடுகிறது. ‘பசுத்தோல் போர்த்திய புலி’ என்று நாம் அடிக்கடி சொல்வோம். வள்ளுவர் 273ஆம் குறளில் சொன்னது நேர் எதிர்: புலித்தோல் போர்த்து மேயும் பசு. வலிமை இல்லாதவன் வலியவன் வேடம் போடுவது. போலிக் கைதுக்கு அதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியவில்லை. அந்தப் போனுக்குள் இருந்தவனால் நம் வீட்டுக் கதவைக்கூடத் தட்ட முடியாது.

இனி ‘மோசடி’. இது ‘மோசம்’ வழி வந்தது. திருட்டு என்ற பொருளுள்ள ‘மோஷ’ என்ற வடசொல்லோடு மோசத்தைச் சேர்ப்பார்கள். இன்று சாப்பாடு மோசம், ரோடு மோசம் என்று ‘நன்றாக இல்லை’ என்ற பொருளில்தான் சொல்கிறோம். ஏமாற்று என்ற பழைய பொருள் ‘மோசம் போனேன்’ போன்ற சில வழக்குகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பெங்களூரில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு நடமாடுகிறது. கன்னடத்தில் ‘மோச’ என்றால் ஏமாற்றுதான். ‘மோச ஹோகபேடி’ என்றால் அப்படியே நம் ‘மோசம் போகாதீர்கள்’. அக்காவின் புகாரைக் கன்னடத்தில் எழுதிய காவலர் வாசித்துக் காட்டினார். ‘மோச’ என்ற இடம் வந்ததும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “ஆமா சார், மோசம்தான் போயிட்டேன்.” அதற்குப் பிறகு அவர் ‘அரெஸ்ட்’ என்று சொல்லி நான் கேட்கவில்லை.

இரண்டு மொழிக்கும் இதில் பங்காளி உறவு அதிகம். நாம் காதில் பூ சுற்றுகிறோம், அவர்கள் காது மேல் பூ வைக்கிறார்கள். நாமம் போடுவது இரண்டு பக்கமும் உண்டு. நம் குல்லா அங்கே டோபி. ‘ஃபோர் ட்வென்டி’யும் பொதுச் சொத்து. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றிப் பொருள் பறிப்பதற்கான பிரிவின் எண் அது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. யாரும் யாரையும் ‘த்ரீ எய்ட்டீன்’ என்று திட்டுவதாகத் தெரியவில்லை.

தெருவில் இன்னொருவருக்கு இப்படி ஆகக் கூடாது என்று, கோயில் பலகையில் ஒட்ட தமிழிலும் கன்னடத்திலும் ஓர் அறிவிப்பு தயார் செய்தேன். மேலே ‘போலிக் கைது மோசடி – ஏமாறாதீர்கள்’. கீழே, போனை வைத்துவிட்டு உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள் என்ற விவரம். ஒட்டுவதற்கு முன் அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை வாசித்தார். சிவப்புப் பேனா கேட்டார்.

“ஏமாறுன்னா தன்வினை, ஏமாத்துன்னா பிறவினை. ‘ஏமாறாதீர்கள்’னு போட்டா தப்பு பண்ணினது நான்தான்னு ஆயிடுது தம்பி. ‘ஏமாற்றுகிறார்கள்’னு எழுது.”

அவரே அடித்துத் திருத்தினார். அப்படியே ஒட்டினேன்.