பி.இ.ஓ. தேர்வு: கைடு வாங்கும் முன் அறிவிக்கையைப் படியுங்கள்

வட்டாரக் கல்வி அலுவலர் (பி.இ.ஓ.) பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கப் போகிறது என்று பேச்சு கிளம்பினாலே போதும், "சார், எந்த கைடு நல்லா இருக்கும்?" என்று வாட்ஸ்அப்பில் கேள்வி வர ஆரம்பித்துவிடும். அந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். பழைய அறிவிக்கையை முழுசாகப் படித்தீர்களா என்று நான் திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது.

2023 ஜூனில் வந்த அறிவிக்கையை வைத்தே பேசுகிறேன். 33 இடங்கள். தேர்வு நடந்தது செப்டம்பர் 10 அன்று, விடைக்கான வட்டத்தைப் பேனாவால் கருப்பாக்கும் ஓ.எம்.ஆர். தாளில். அதற்கு முந்தைய தேர்வு 2020 பிப்ரவரியில் கணினி வழியில் நடந்தது. ஒரு முறை இருந்தபடியே அடுத்த முறையும் இருக்கும் என்று நம்பக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். புதிய அறிவிக்கை வந்த அன்றே அதை எடுத்து, பழையதோடு வரிக்கு வரி ஒப்பிட்டுவிடுங்கள்.

தேர்வு இரண்டு பகுதி. முதலாவது கட்டாயத் தமிழ் மொழித் தகுதித் தேர்வு: 30 வினா, 50 மதிப்பெண், அரை மணி நேரம். இரண்டாவதுதான் முதன்மைத் தேர்வு: 150 வினா, 150 மதிப்பெண், மூன்று மணி நேரம். தமிழ்ப் பகுதியில் 40 விழுக்காடு, அதாவது 20 மதிப்பெண் எடுக்காவிட்டால் இரண்டாம் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். கணக்குப் போட்டால் 30க்கு 12 வினா சரியாக இருந்தால் போதும். பத்தாம் வகுப்புத் தரம்தான். அதனாலேயே இதை யாரும் சீண்டுவதில்லை. கணிதமோ இயற்பியலோ படித்தவர்கள், பள்ளியை விட்ட நாளோடு தமிழ் இலக்கணத்தையும் விட்டவர்கள். 'படித்து பார்த்தான்' சரியா, 'படித்துப் பார்த்தான்' சரியா என்று கேட்டால் தடுமாறுவார்கள். பிரித்தெழுதுதல், சந்திப்பிழை, வேர்ச்சொல், பொருந்தாச் சொல் என்று தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒரு மாதத்தில் பயம் போய்விடும். இந்தப் பகுதியில் எடுக்கும் மதிப்பெண் தரவரிசைக்குச் சேராது. ஆகவே இங்கே 45 வாங்க ஆசைப்பட்டு நேரத்தைக் கொட்டவும் வேண்டாம்.

முதன்மைத் தேர்வில்தான் பலருக்குக் கணக்குத் தப்புகிறது. முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதிப் பழகியவர்கள், தன் பாடத்தைக் கரைத்துக் குடித்தால் கரையேறிவிடலாம் என்று நினைக்கிறார்கள். இது அப்படிப்பட்ட தேர்வு அல்ல. தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் என ஒன்பது பாடம். போதாததற்குப் பொது அறிவும் கல்வியியலும். இயற்பியல்காரர் சங்க இலக்கியத்தையும், தமிழ் படித்தவர் வேதிப் பிணைப்பையும் படித்தாக வேண்டும். எல்லாவற்றிலும் ஆழம் பார்க்க நேரம் கிடையாது. தெரியாத பாடங்களுக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையிலான அரசுப் பாடநூல்களைப் பிடியுங்கள், உங்கள் பாடத்துக்கு மட்டும் பட்டப்படிப்புப் புத்தகங்களுக்குப் போங்கள். இதுதான் என் கட்சி. கோச்சிங் சென்டர்க்காரர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

கல்வியியல் எல்லோருக்கும் பொதுவான களம், நல்ல மதிப்பெண்ணும் இங்கே கிடைக்கும். பியாஜே, வைகாட்ஸ்கி போன்ற உளவியல் அறிஞர்களின் கோட்பாடுகள் எல்லாம் பி.எட்.டிலேயே படித்ததுதான். கோத்தாரிக் கல்விக் குழு 1964–66, தேசியக் கல்விக் கொள்கை 1986 என்று ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் மூலத்தை எடுத்துப் படித்தவர் அபூர்வம். சின்னச் சட்டம், ஒரே மூச்சில் படித்துவிடலாம். தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 220 நாள், 1,000 மணி நேரம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இட ஒதுக்கீடு பிரிவு 12இல் வருகிறது. வேலையில் சேர்ந்தபின் பள்ளிப் பார்வைக்குப் போனால் நாள்தோறும் கையாள வேண்டியவை இவை. தேர்வு கேட்பதும் வேலை கேட்பதும் ஒன்றாக இருக்கிற இடம் இது ஒன்றுதான். மற்றபடி, ஊதியப் பட்டியல், பணிப்பதிவேடு, விடுப்புக் கணக்கு என்று அலுவலகத்தில் மாளும் வேலைக்கு வேதிப் பிணைப்பு எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை!

கைடு வேண்டாம், பாடநூலே போதும் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேர்வு முடிந்ததும் தற்காலிக விடைக்குறிப்பு வரும். அதில் ஒரு விடை தவறு என்று ஆட்சேபம் தெரிவிக்க வேண்டுமானால் ஆதாரம் இணைக்க வேண்டும். கைடு, நோட்ஸ் எல்லாம் அங்கே செல்லாது, தரமான பாடநூல்களையே ஏற்பார்கள். வாரியமே ஆதாரமாக ஒப்புக்கொள்ளாத புத்தகத்தை நம்பி ஏன் படிக்க வேண்டும்?

இதெல்லாம் தேர்வோடு போகிறது. சான்றிதழ் சரிபார்ப்பில் கோட்டை விடுகிறவர்களைப் பார்த்தால்தான் வயிற்றெரிச்சல். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை இருக்கிறது. 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்திருந்தால் போதாது, முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று வேண்டும். ஆரம்பப் பள்ளி ஒரு ஊரில், உயர்நிலைப் பள்ளி வேறு ஊரில், பி.எட். இன்னோர் ஊரில் என்றால் ஒவ்வொரு இடமாகப் போய்த் தலைமையாசிரியரிடமும் முதல்வரிடமும் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்கவே நாளாகும். கோடை விடுமுறையில் போய் நின்றால் பள்ளி பூட்டியிருக்கும். அறிவிக்கைக்குக் காத்திருக்காமல், பள்ளி திறந்திருக்கும்போதே போய் வாங்கி வைத்துவிடுங்கள்.