ஜீவனாம்சம்: பங்கா, படியா?

ஜீவனம் என்றால் பிழைப்பு. அம்சம் என்றால் பங்கு. இரண்டும் வடசொல். சேர்த்தால் பிழைப்புக்கான பங்கு. சீவனாம்சம் என்று எழுதுவாரும் உண்டு. குடும்ப நீதிமன்ற வாசலில் 'எம்.சி. (மெயின்டனன்ஸ் கேஸ், அதாவது ஜீவனாம்ச வழக்கு) போட்டாச்சு', 'மெயின்டனன்ஸ் எவ்வளவு ஆர்டர் ஆச்சு?' என்பதுதான் பேச்சு.

இன்று விவாகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும், சொல்லின் பழைய வீடு கூட்டுக்குடும்பம். அங்கே கணவனை இழந்தவளுக்குச் சொத்தில் பாகம் கிடையாது. 1937இல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வரும்வரை, சாப்பாட்டுக்கு நெல்லோ, ஆயுள்வரை அனுபவிக்கக் கொஞ்சம் நிலமோ ஒதுக்குவார்கள். அதை அவள் இஷ்டப்படி விற்க முடியாது. பெயரில் மட்டும் அம்சம்! 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுதான் அப்படிப்பட்ட நிலத்தை அவளுக்கு முழுச் சொந்தமாக்கியது. 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது.

'அம்சம்' இன்றும் ஆளை ஏமாற்றுகிறது. கேஸ் போட்டால் சொத்தில் பாதி வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு, பயப்படுகிறவர்களும் உண்டு. அப்படி எந்தக் கணக்கும் சட்டத்தில் இல்லை. இருவர் வருமானம், தேவை, வாழ்ந்த தரம் பார்த்து நீதிமன்றம் தொகை போடும். விவாகரத்து ஆகியிருக்க வேண்டும் என்றும் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, அதன் இடத்தில் வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144, மனைவியோடு பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வழி விடுகிறது. 2001 வரை அதில் மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. இந்து திருமணச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகளில் கணவனும் கேட்கலாம். மனு போட்ட நாளிலிருந்தே தொகை தர வேண்டும் என்பது ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. பிள்ளை தாயிடம் வளர்ந்தாலும் தகப்பனின் செலவுப் பொறுப்பு போய்விடாது.

இலங்கையில் இதற்குத் தாபரிப்பு என்று பெயர். தாபரம் என்றால் புகலிடம். அங்கே 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி, 25 வயதுவரையுள்ள பிள்ளையும் கேட்கலாம்.

தமிழில் என்ன சொல்லலாம்? பராமரிப்புத் தொகை பத்திரிகைகளில் நிலைத்துவிட்டது, பொருளும் சரி. 'பிழைப்பூதியம்' சஸ்பெண்டு ஆன அரசு ஊழியருக்குப் போய்விட்டது. என்னைக் கேட்டால் வாழ்க்கைப்படி. அகவிலைப்படி, பயணப்படி தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். சொத்துப் பங்கு என்ற மயக்கமும் வராது. வாழ்க்கைப்பட்டவளுக்கு வாழ்க்கைப்படி என்று கேலி செய்வார்கள், செய்யட்டும்.